தூரிகை எழுத்தின் குணமும் பயனும்



எழுத்து கண்ணுக்கு உரியது. வானொலியோ காதுக்கு உரியது. அப்படியிருக்க, எழுத்தின் வடிவத்தைப் பற்றி வானொலியில் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கலாம். பேசலாம். ஏனென்றால், எழுத்துக்கும் ஒரு குரல் உண்டு. வாசலில் நின்று அத்தை "வாங்க" என்பது ஒரு விதம். தோட்ட ஆபீசில் கிராணி "வாங்க" என்பது வேறு விதம். சொல் ஒன்றுதான், குரல் இரண்டு. அதுபோலவே, ஒரு சொல்லை நேரான, தடித்த அச்செழுத்தில் போட்டால் ஒரு குரல் கேட்கிறது. அதையே தூரிகையால் இழுத்து எழுதினால் இன்னொரு குரல் கேட்கிறது. இந்த இரண்டாவது குரலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இது ஓவியர்களுக்கும் அச்சகத்தாருக்கும் உரிய பேச்சு, நமக்கு எதற்கு என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பல, துண்டு துண்டாக விற்கப்பட்டன. பல, செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே பால்மரம் வெட்டிய குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பத்து காஜாவுக்கும் வந்து சேர்ந்தன. வந்த இடத்தில் பலர் சிறு தொழில் தொடங்கினார்கள். தையல், பூமாலை, பலகாரம், சாப்பாட்டுக் கடை என்று எதைத் தொடங்கினாலும் முதலில் வேண்டியது ஒரு பெயர்ப்பலகை. கல்யாணம் என்றால் அழைப்பிதழ். கோயில் திருவிழா என்றால் அறிவிப்பு. ஆக, எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. தெரிந்து தேர்ந்தெடுத்தால் செலவழித்த பணத்துக்குப் பலன் உண்டு. தெரியாமல் தேர்ந்தெடுத்தால், பலகை தொங்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு கருவிக்கு உண்டு. நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். ஓலையில் நார் நீளவாக்கில் ஓடும். அதன்மேல் நீண்ட நேர்கோட்டை அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். ஆகவே வளைவுகள் கைக்கு எளிதாயின. புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பதால் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். எழுத்தாணிக்குத் தடிப்பும் மெலிவும் கிடையாது. கீறல் எல்லாம் ஒரே அளவு. தூரிகையோ நேர் எதிரானது. அது மயிரால் ஆனது. அழுத்தினால் விரியும், தூக்கினால் கூரும். வேகமாக இழுத்தால் கோட்டின் நுனியில் சாயம் பிரிந்து கீற்றுக் கீற்றாகத் தெரியும்.

இதை நீங்களே இப்போது சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் பழைய சாய பிரஷ் ஒன்று இருக்கும். அதைத் தண்ணீரில் தோய்த்துச் சிமெண்டுத் தரையில் "ப" என்று எழுதுங்கள். இடப்பக்கம் இறங்கும்போது கோடு தடிக்கும். கீழே திரும்பும்போது சற்றே மெலியும். வலப்பக்கம் ஏறி முடிக்கும்போது நுனி கூர்மையாகும். மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை எழுதுங்கள். இரண்டும் "ப"தான். ஆனால் வேகமாக எழுதியது உங்களைப் பார்த்துப் பேசுவது போல இருக்கும். அந்த வேகத்தின் அடையாளம்தான் சாதாரணத் தூரிகை எழுத்தின் உயிர்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது புதிதல்ல. உளியை மரத்தில் வைத்து இழுக்கும்போது அழுத்தம் கூடினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் பால் வராது. சாய்வு மாறினால் பால் கோட்டை விட்டு வழியும். ஒரே இழுப்பில், ஒரே மனத்தோடு வெட்ட வேண்டும். தூரிகை எழுத்தும் அப்படியே. நடுவில் நின்று யோசித்தால் அந்தத் தயக்கம் அப்படியே எழுத்தில் தெரிந்துவிடும்.

தூரிகை எழுத்தைக் கலையாகவே வளர்த்தவர்கள் சீனர்கள். அவர்களிடம் திருத்தமாக நின்று எழுதும் எழுத்து உண்டு. கோடுகள் ஒன்றோடொன்று இழைந்து ஓடும் நடை எழுத்தும் உண்டு. பழகியவர்களே படிக்கக்கூடிய விரைவெழுத்தும் உண்டு. நடை எழுத்தின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக, கி.பி. 353இல் வாங் சீச்சீ என்பவர் எழுதிய முன்னுரை ஒன்றை இன்றும் சொல்கிறார்கள். ஈப்போவின் பழைய கடைவீதிகளில் ஐந்தடி நடைபாதையில் நடந்து போனால், கடை வாசலுக்கு மேலே மரப்பலகையில் செதுக்கிய சீன எழுத்துகளைக் காணலாம். செதுக்கியது உளி என்றாலும், வடிவம் தூரிகையுடையது. நமக்கு அந்த மொழி தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் இது நிதானமாக எழுதியது, இது துள்ளி எழுதியது என்ற வேறுபாடு நம் கண்ணுக்கும் புலப்படுகிறது. குரல் என்று சொன்னோமே, அது இதுதான்.

தமிழில் இந்தக் குரலை நமக்குக் கொண்டுவந்தவர்கள் பெயர்ப்பலகை எழுதியவர்கள். சினிமா விளம்பரம், தேர்தல் துணிப் பதாகை, கோயில் திருவிழா அறிவிப்பு, லாரியின் பின்பலகை என எல்லாம் அவர்கள் கைவண்ணமே. துணியை இழுத்துக் கட்டுவார்கள். சுண்ணாம்பு தடவிய நூலைப் பிடித்துச் சுண்டி, மேலும் கீழுமாக இரண்டு கோடு போடுவார்கள். எழுத்துகளைச் சாக்குக்கட்டியால் லேசாகக் குறித்துக்கொள்வார்கள். பிறகு தட்டைத் தூரிகையால் நேர்கோடுகளும், உருண்டைத் தூரிகையால் சுழிகளும் போடுவார்கள். ஈரச் சாயத்தில் கை படாமலிருக்க இடக்கையில் ஒரு கோலைப் பிடித்து, அதன்மேல் வலக்கையை ஊன்றிக்கொள்வார்கள்.

கட்டம் போட்டு, ஓரம் வரைந்து, உள்ளே சாயம் நிரப்பி எழுதும் கட்டை எழுத்துக்கு நேரம் பிடிக்கும். ஒரே இழுப்பில் முடிக்கும் எழுத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். "இன்று மீன் மலிவு" என்று எழுத அரை நாள் செலவழித்தால், எழுதி முடிப்பதற்குள் மீன் கெட்டுவிடும். இப்படித்தான் அவசரத்தில் பிறந்த எழுத்து, காலப்போக்கில் "இப்போதுதான் எழுதியது, இன்றைக்கானது" என்ற பொருளைத் தானே பெற்றுக்கொண்டது. புதுமை, நட்பு, கைவேலை, விறுவிறுப்பு ஆகிய நான்கும் தூரிகை எழுத்தின் குணங்கள்.

பத்திரிகைகளும் இந்தக் கையை நம்பியே இருந்தன. ஈய அச்செழுத்துக் காலத்தில் தமிழ் அச்சகங்களில் எழுத்து வகைகள் மிகக் குறைவு. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் போன்ற இதழ்களில் வந்த கதைத் தலைப்புகளை ஓவியர்கள் கையால் எழுத, அதை பிளாக் செய்து அச்சிட்டார்கள். பேய்க்கதை என்றால் தலைப்பு நடுங்கும். காதல் கதை என்றால் கொடிபோல் வளையும். கதையைப் படிக்கும் முன்பே தலைப்பின் எழுத்து பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மேல்நாட்டில் இந்தக் கையெழுத்தையே அச்செழுத்தாக வார்க்க முனைந்தார்கள். 1942இல் ராபர்ட் ஸ்மித் என்பவர் அமெரிக்க அச்செழுத்து வார்ப்பகம் ஒன்றுக்காக பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற எழுத்தை வடித்தார். வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றையொன்று கைகோத்து நடக்கும் ஆங்கில எழுத்து அது. 1953இல் பிரான்ஸ் நாட்டில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் மிஸ்த்ரால் என்ற எழுத்தை வெளியிட்டார். தம் கையெழுத்தையே அவர் அடிப்படையாகக் கொண்டார். தென் பிரான்சில் வீசும் ஒரு காற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். பின்னாளில் இவை கணினிக்கு வந்தன. ஈப்போ கடைவீதியில் இவற்றைப் பார்க்காமல் நீங்கள் நடந்திருக்க முடியாது. பெயர் தெரியாமல் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. கையால் எழுதும்போது ஒரு "க" போல இன்னொரு "க" இருக்காது. அச்சில் வார்த்துவிட்டால் எல்லா "க"வும் அச்சு மாறாமல் ஒன்றே. "பப்படம்" என்று கணினியில் தூரிகை எழுத்தில் அடித்துப் பாருங்கள். இரண்டு "ப"வும் இரட்டைப் பிள்ளைகள் போல நின்றால் அது கைவேலை அல்ல என்று கண் கண்டுபிடித்துவிடும். நல்ல எழுத்துருவாளர்கள் இதற்காக ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் செய்து, மாறி மாறி வரும்படி வைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26. தமிழுக்கு 247 எழுத்துகள். எல்லாவற்றையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை என்றாலும், "கு, கூ" வரிசையில் மட்டுமே 36 வடிவங்கள் வேண்டும். அதனால் தமிழ் எழுத்துருச் செய்வது பொறுமையான வேலை. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி, பிறகு பல தமிழ் எழுத்துருக்களை வடித்தார். ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி எழுத்துரு அவர் வடித்தது. மலேசியத் தமிழர் ஒருவர் வரைந்த எழுத்தில் உலகத் தமிழர்கள் படிக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் ஆங்கிலத்துக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டால், தமிழில் நல்ல தூரிகை எழுத்துருக்கள் இன்னமும் சிலவே.

எண்ணிக்கை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. தமிழ் எழுத்தின் உடம்பு வேறு. ஆங்கிலத் தூரிகை எழுத்து சாய்ந்து, கைகோத்து ஓடும். தமிழ் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழையும் கணினியில் வெறுமனே சாய்த்துவிட்டால், அது ஓடுவதாகத் தெரியாது, விழப்போவதாகத் தெரியும். மேலும், தமிழில் சின்னச் சின்ன உறுப்புகளே பொருளை மாற்றுகின்றன. நான்கு இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, சுழி. மூன்று சுழி "ண", இரண்டு சுழி "ன". தடித்த தூரிகையில் சுழியின் கண் அடைந்துபோனால் இரண்டும் ஒன்றாகிவிடும். "திருமணம்" என்ற பதாகை "திருமனம்" என்று சிரிப்புக்கு இடமாகும்.

இரண்டாவது, "ர"வின் கால்நுனி. கீழே உள்ள சிறு சாய்கோடு போய்விட்டால் "ர" வெறும் துணைக்கால் ஆகிவிடும். "சரக்கு" என்று எழுதியது "சாக்கு" என்று படிக்கப்படும்.

மூன்றாவது, "எ"யும் "ஏ"யும், "ஒ"வும் "ஓ"வும். இந்தக் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியதில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவருக்குப் பங்கு உண்டு. தூரிகையின் வால் எல்லா எழுத்திலும் நீண்டால் "எடு" எது, "ஏடு" எது என்று தெரியாது.

நான்காவது, புள்ளி. புள்ளி சிறுத்து மறைந்தால் "பல்" என்பது "பல" ஆகிவிடும். பல் மருத்துவர் பலகைக்கு இது ஆகுமா? ஓலையில் விட்ட புள்ளியைப் பலகையிலும் விட நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

இனி, இந்த எழுத்தை எங்கே வைக்கலாம் என்று பார்ப்போம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே பெயர் பெற்ற பகுதி இருக்கிறது. கடலை, முறுக்கு, ஓமப்பொடி என்று வறுத்தும் பொரித்தும் விற்கும் தொழிலால் வந்த பெயர் அது. அப்படிப்பட்ட பலகாரப் பொட்டலத்துக்குத் தூரிகை எழுத்து பொருத்தமானது. முறுக்கைச் சுற்றுவதும் கை. எழுத்தைச் சுழிப்பதும் கை. "வீட்டில் செய்தது" என்று தனியாக எழுதாமலே எழுத்து அதைச் சொல்லிவிடும். தையல் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை, குழந்தைகள் விழா, பொங்கல் வாழ்த்து, கலைநிகழ்ச்சி அழைப்பு ஆகியவற்றின் தலைப்புக்கும் ஏற்றது. தலைப்புக்கு என்றுதான் சொல்கிறோம். இரண்டு மூன்று சொற்கள் போதும். விலாசம், தொலைபேசி எண், தேதி, நேரம் இவற்றை நேரான எளிய எழுத்திலே போடுங்கள். ஊறுகாய் சுவையானதுதான், அதையே சோறாகச் சாப்பிட முடியுமா?

எங்கே வைக்கக்கூடாது என்பது இதைவிட முக்கியம். தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி எவ்வளவு கொடியது என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் அது தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு பல மருந்துகள் செம்பனைத் தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கவே செய்கின்றன. மருந்து ஸ்டோரின் கதவில் "விஷம், தொடாதே" என்பதைத் துள்ளும் தூரிகை எழுத்தில் எழுதினால் என்ன ஆகும்? சொல் பயமுறுத்தும், குரல் சிரிக்கும். பார்க்கிறவர், குறிப்பாகப் பிள்ளைகள், சொல்லைப் படிக்கும் முன் குரலைத்தான் கேட்பார்கள். எச்சரிக்கைக்கு உருட்டு இல்லாத, இடைவெளி விட்ட, தடித்த நேரெழுத்தே வேண்டும். மருந்துச் சீட்டு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பொதுக்கூட்ட அறிக்கை, சம்பள விவரம், இரங்கல் செய்தி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் எழுத்து அலங்காரம் செய்துகொள்ளக்கூடாது.

பலகை அடிக்கக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாதிரியை ஒரு தாளில் எடுத்து, சாலையின் எதிர்ப்புறம் நின்று பாருங்கள். வீட்டில் வயதான பாட்டியிடமும், இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடமும் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் தடுமாறாமல் படித்தால் எழுத்து தேறியது. ஆங்கில எழுத்திலோ மலாய் ரூமியிலோ தூரிகை எழுத்தைப் போடுவதானால், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். கைகோக்க வேண்டிய எழுத்துகள் முட்டி மோதிக்கொள்ளும். பலகைக்கு உள்ளூர் மன்றத்தின் அனுமதி வேண்டும். தேசிய மொழி எடுப்பாகத் தெரிய வேண்டும். ஆகவே இரண்டு மொழிகளும் ஒரே தடிப்பில், ஒன்றுக்கொன்று உறவு போலத் தெரியும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்துக்கென்று மட்டும் செய்த எழுத்துருவில் தமிழை அடித்தால், கட்டம் கட்டமாக வரும். அல்லது கணினி தானாகவே வேறு ஏதோ ஒரு தமிழ் எழுத்தைப் போட்டுவிடும். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு புள்ளியையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

கணினியில் மனம் நிறைவான எழுத்து கிடைக்கவில்லை என்றால், கையால் எழுதச் செய்யலாம். கையால் எழுதியதைப் படமெடுத்துப் பலகையாக அச்சிடும் வசதி இப்போது இருக்கிறது. நம் பிள்ளைகளில் கோலம் போடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். மாவைச் சீராக விட்டு வளைக்கத் தெரிந்த கைக்குத் தூரிகையை வளைக்கத் தெரியாதா? ஒரு தூரிகையும் ஒரு குப்பி சாயமும் பழைய செய்தித்தாளும் இருந்தால் பயிற்சி தொடங்கிவிடலாம்.

இன்னொரு வேண்டுகோள். பழைய தோட்டங்களில் இன்னும் சில இடங்களில் கோயில் முகப்பிலும் பள்ளிச் சுவரிலும் கையால் எழுதிய தமிழ் எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. தமிழகத்தில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. 1980களில் மலேசியாவிலும் அந்த எழுத்துகள் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் எழுதிய பலகைகளில் யானைத் துதிக்கை போல் கொம்பு வளைத்த பழைய "லை"யைக் காணலாம். எழுத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கோயிலுக்கு வெள்ளையடிக்கும் முன், கட்டடத்தை இடிக்கும் முன், அவற்றை ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தத் தோட்டம், எந்தச் சுவர், யார் எழுதியது என்று பெரியவர்களைக் கேட்டுப் பின்னால் குறித்து வையுங்கள். நாளைக்குத் தமிழில் புதிய தூரிகை எழுத்துரு செய்ய முன்வரும் பிள்ளைக்கு அது பாடப்புத்தகமாகும்.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். சொல்லுக்கு ஆடை எழுத்து. திருவிழாவுக்குப் பட்டு, மரம் வெட்டப் போக வேலைத்துணி என்று நாம் பிரித்து உடுத்துகிறோம் அல்லவா? அழைக்கும் சொல்லுக்குத் தூரிகை, எச்சரிக்கும் சொல்லுக்கு நேரெழுத்து என்று அதே அறிவோடு பிரித்து எழுதுவோம். நம் கடையின் பெயரும் நம் வீட்டு அழைப்பும் நாம் நினைத்த குரலிலேயே பிறர் காதில் விழும்.